தபாற்கந்தோர் விடுதியான கதை



யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றில், காணி உறுதிகளும் சாதகக் குறிப்புகளும் வைக்கும் பெட்டகத்தில், நூலினாற் கட்டப்பட்ட கடிதக் கட்டொன்றும் இருப்பதுண்டு. உறையின் மூலையில் மலாயா அல்லது சிங்கப்பூர் முத்திரை ஒட்டியிருக்கும். முத்திரையின்மேல் வட்டமான தபாற்குறி பதிந்திருக்கும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலங் கற்ற இளைஞர் பலர் இங்கிருந்து கப்பலேறிச் சென்று, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புகையிரதப் பகுதி, நில அளவைப் பகுதி, தபாற்பகுதி முதலியவற்றில் உத்தியோகம் பார்த்தனர். சிங்கப்பூரில் 1910 ஆம் ஆண்டிலேயே தமக்கென ஒரு சங்கத்தையும் அவர்கள் நிறுவிக்கொண்டனர். அவர்கள் அனுப்பிய பணத்தினாற் சகோதரிமாருக்குக் கலியாணம் நடந்தது, தம்பிமார் படித்தனர், ஊரில் கல்வீடுகள் எழுந்தன. முதுமையில் ஊர் திரும்பியோரை அயலவர் 'மலாயாப் பென்சன்காரர்' என்று அழைத்தனர்.

1928 ஆம் ஆண்டுக்குப் பின்னர் சிங்கப்பூரிலிருந்து வந்த அத்தகைய கடிதங்களுட் பல, ஒரே கட்டடத்தைக் கடந்தே வந்திருத்தல் வேண்டும். அது சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நிற்கும் புல்லர்டன் கட்டடம். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அந்நகரின் பிரதம தபாற்கந்தோர் அங்கேதான் இருந்தது. இன்று அது நானூறு அறைகள் கொண்ட ஓர் உயர்தர விடுதி. தபாற்கந்தோர் எவ்வாறு விடுதியாயிற்று, அம்மாற்றத்தில் எதைக் காத்தனர், எதை இழந்தனர், நம் நாட்டுப் பழைய கட்டடங்களைப் பற்றி முடிவு செய்வோருக்கு அக்கதை எதைக் கற்பிக்கின்றது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிற் கட்டடத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். நீரிணைக் குடியேற்றங்களின் முதலாவது தேசாதிபதி இறொபேட் புல்லர்டன் என்பவர். அவர் பெயரால் 1829 ஆம் ஆண்டு ஆற்றுமுகத்தில் ஒரு கோட்டை அமைக்கப்பட்டது. 1870 களில் கோட்டை அகற்றப்பட, அவ்விடத்தில் ஒரு தபாற்கந்தோர் எழுந்தது. நகரமும் வணிகமும் பெருகவே, அது போதாதாயிற்று. 1919 ஆம் ஆண்டில் புதிய கட்டடத்துக்குத் திட்டம் வகுத்தனர். 1924 இல் வேலை தொடங்கிற்று. 1928 ஆம் ஆண்டு யூன் மாதம் 27 ஆந் திகதி, அப்போது தேசாதிபதியாயிருந்த சேர் ஹியூ கிளிபர்ட் அதனைத் திறந்துவைத்தார். இவர் நம் நாட்டுக்கும் புதியவர் அல்லர். 1907 ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள் இலங்கையிற் குடியேற்றநாட்டுக் காரியதரிசியாகப் பணியாற்றியவர் அவரே.

உடலிற் கோடுகள் அகழ்ந்த பெருந்தூண்கள் முகப்பில் வரிசையாக நிற்கின்றன. உட்புறத்தில் உயர்ந்த விதானங்கள் உள்ளன. கட்டடத்தின் கீழ்ப்பகுதி தபாற்கந்தோருக்கு உரியதாயிருந்தது. முத்திரை விற்கவும் காசுக்கட்டளை எழுதவும் பதிவுத் தபால் ஏற்கவும் அமைந்த அதன் கருமபீடம் மிக நீண்டதென்று சொல்வர். கடல்வழி வந்த தபாற்பைகளைத் துறையிலிருந்து கொண்டுவருவதற்கு வீதியின் கீழே ஒரு சுரங்கவழி இருந்தது. மேல்மாடிகளிற் செல்வந்தரான ஐரோப்பியரின் கழகமும், வணிகர் சபையும், அரசாங்கக் கந்தோர்கள் சிலவும் இடம்பெற்றன. சிங்கப்பூரில் ஓரூருக்கு இத்தனை மைல் என்று அளந்தபோது, அவ்வளவு தொடங்கியதும் இந்தத் தபாற்கந்தோரிலிருந்தே. 1958 ஆம் ஆண்டில் அதன் கூரைமேல் ஒரு வெளிச்சவீடு அமைத்தனர். 1979 வரையில் கப்பல்களுக்கு அது வழிகாட்டிற்று.

இன்பமான நாட்களை மட்டுமே கண்ட கட்டடம் அன்று அது. 1942 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் யப்பானியச் சேனை நகரை நெருக்கியபோது, காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்யும் இடமாக அது மாறிற்று. தேசாதிபதி சேர் ஷென்றன் தோமஸ் தமது மாளிகையை விட்டு அங்குள்ள கழகத்திலே தங்கினார். அம்மாதம் 15 ஆந் திகதி நகரம் யப்பானியர் கைப்பட்டது. போர் முடிந்தபின், 1950 களில், கட்டடத்தின் முன்னுள்ள சதுக்கம் தேர்தற் கூட்டங்களுக்குப் பேர்பெற்றது. மதிய உணவு வேளையில் கந்தோர்களிலிருந்து வெளியே வந்த ஊழியர்கள், நாட்டின் வருங்காலத்தைப் பற்றிய சொற்பொழிவுகளை அங்கு நின்றே கேட்டனர்.

இத்தகைய கட்டடத்தை விடுதியாக்க வேண்டிய தேவை ஏன் எழுந்தது? ஒருவரும் தபாற்கந்தோரை அங்கிருந்து துரத்தவில்லை. விமானத் தபால் பெருகியது. கடிதம் பிரிக்கும் இயந்திரங்கள் வந்தன. அவற்றுக்கு விசாலமான நிலமும் பாரவண்டிகள் வந்துபோகும் முற்றமும் தேவைப்பட்டன. நெருக்கமான நகர மத்தியில் அவற்றுக்கு இடம் இல்லை. மேல்மாடியிலிருந்த வருமானவரிக் கந்தோரும் தனக்கெனப் புதிய கட்டடத்தை நாடிற்று. 1990 களின் நடுப்பகுதியில், 1996 ஆம் ஆண்டளவில், பழைய குடிகள் யாவும் வெளியேறிவிட்டன. மாளிகை வெறுமையாய் நின்றது.

ஆள் நடமாட்டமற்ற வீடு விரைவிற் பாழாகும் என்பது நம்மவர் நன்கறிந்த உண்மை. பீலியில் அடைத்த சருகை எடுக்க ஆளில்லாவிடின் மழைநீர் சுவருக்குள் இறங்கும். பறவை எச்சத்தில் வீழ்ந்த ஆலம்விதை சுவர் வெடிப்பில் வேரூன்றும். மரத்தைக் கறையான் பற்றும். கொங்கிறீட்டுக்குள் நீர் புகுந்தால் உள்ளிருக்கும் உருக்குக் கம்பி துருவேறிப் பருக்கும். பருத்த கம்பி வெளிப்புறத்தைப் பிளந்துவிடும். பத்து ஆண்டுகள் பூட்டிவைத்தால் ஒரு நூற்றாண்டின் உழைப்பு அழிந்துபோகலாம். ஆகவே பழைய கட்டடத்தைக் காப்பதற்குச் சிறந்த வழி, தகுந்த ஒரு குடியை அதனுள் வைத்தலே. சிங்கப்பூர் அரசாங்கம் 1997 ஆம் ஆண்டிற் புல்லர்டன் கட்டடத்தைப் பாதுகாக்கப்பட வேண்டிய கட்டடமாகப் பிரகடனஞ் செய்தது. அதே ஆண்டில் அது ஒரு தனியார் நிறுவனத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி விடுதி திறக்கப்பட்டது.

கந்தோரை விடுதியாக்குதல் சுவருக்கு வெள்ளையடித்துக் கட்டில் போடுவதுபோன்ற எளிய காரியம் அன்று. கந்தோரில் நூறுபேர் ஒரே மண்டபத்திலிருந்து வேலை செய்யலாம். விடுதியிலோ ஒவ்வொரு விருந்தினருக்கும் ஓர் அறை வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் சாளரம் வேண்டும். ஒவ்வோர் அறையோடும் குளியலறை வேண்டும். நானூறு அறைகளெனில் நானூறு குளியலறைகள். நல்ல நீர் மேலேறவும் கழிவுநீர் கீழிறங்கவும் குழாய்கள் வேண்டும். தளத்தைத் துளைக்காமற் குழாயைக் கொண்டுசெல்ல இயலாது. எங்கே துளைத்தாற் கட்டடத்தின் பலத்துக்கும் அழகுக்கும் பழுதில்லை என்று பொறியியலாளர் ஒவ்வொன்றாகக் கணக்கிடல் வேண்டும். நீண்டு அகன்ற மாளிகையின் நடுப்பகுதிக்கு வெளிச்சம் எட்டாது. ஆதலால் உள்ளே ஒரு முற்றவெளியைத் திறந்து, அறைகளிற் பலவற்றை அதை நோக்க அமைத்தனர்.

இன்னும் இரு சங்கடங்கள் உண்டு. ஒன்று, தீப்பாதுகாப்பு. பழங்கட்டடத்தின் படிக்கட்டு எத்துணை அழகியதாயினும், இரவில் உறங்கும் நூற்றுக்கணக்கானோர் புகையினூடே இறங்கித் தப்புவதற்கு அது போதாது. வேறு படிக்கட்டுகளைக் கண்ணை உறுத்தாதவாறு சேர்த்தல் வேண்டும். மற்றது, குளிரூட்டி. அதன் பெருங்குழாய்களை மறைப்பதற்கு எளிய வழி, உயர்ந்த விதானத்தின் கீழே ஒரு பொய் விதானத்தைத் தொங்கவிடுவது. ஆயின், அவ்வாறு செய்தால் எந்த உயரத்தை நோக்கி விருந்தினர் வியப்புற வேண்டுமோ அந்த உயரமே மறைந்துபோம்.

இத்தகைய வேலைக்கென்று சிங்கப்பூரின் நகரத் திட்ட அதிகாரிகள் ஒரு விதி வகுத்துள்ளனர். உள்ளதை இயன்றமட்டும் வைத்துக்கொள்ளுதல், உணர்வோடு புதுக்குதல், பழுதைக் கவனமாகத் திருத்துதல் என்ற மூன்றுமே அவ்விதி. வைத்துக்கொள்ளுதல் முதலில் வருவதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். இடித்து அதேபோற் கட்டிவிடலாமே என்பாருக்கு அவ்விதி இடங்கொடாது. புல்லர்டன் கட்டடத்தின் தூண்களும் முகப்பும் நிலைத்தன. வெளிச்சவீட்டு அறை உணவகமாயிற்று. பழைய சிவப்புத் தபாற்பெட்டிகளும் அக்காலப் படங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2001 ஆம் ஆண்டில் அவ்வேலைக்கு நகரத் திட்ட அதிகாரசபையின் மரபுரிமைப் பரிசு கிடைத்தது. 2015 ஆம் ஆண்டு திசெம்பரில் அக்கட்டடம் தேசிய நினைவுச்சின்னமாயிற்று.

இவ்வளவும் பாராட்டத்தக்கனவே. விடுதியின் வருவாயினாலே கூரை ஒழுகாதிருக்கின்றது, தூண்கள் துலங்குகின்றன, பொதுப்பணத்தில் ஒரு சதமும் அதற்கெனச் செலவிட வேண்டியதில்லை. நூதனசாலை ஆக்கியிருந்தால் ஆண்டுதோறும் அரசாங்கமே தாங்க நேர்ந்திருக்கும். இந்த நியாயத்தை ஒதுக்கிவிட முடியாது.

எனினும் இழந்ததையும் நேர்மையோடு சொல்லல் வேண்டும். தபாற்கந்தோர் என்பது ஒரு விசேடமான இடம். துறைமுகக் கூலியாளும், கடைச் சிப்பந்தியும், கந்தோர் எழுதுவினைஞரும், வணிகரும் அங்கே ஒரே வரிசையில் நிற்பர். சில சதங்கள் கொடுத்து ஒரு முத்திரை வாங்கவல்ல எவருக்கும் அந்தப் பெருந்தூண்களினூடே நுழையும் உரிமை இருந்தது. சம்பள நாளில் ஊருக்குக் காசுக்கட்டளை எழுத வந்தவன், தேசாதிபதி திறந்துவைத்த மண்டபத்தில், தன் மாளிகைபோல் நின்றான். இன்று அவன் பேரன் அவ்வாயிலுக்குப் போகலாம். போகக்கூடாது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் சீருடையணிந்த காவலாளியையும் பளிங்குத் தரையையும் கண்டவுடன் அவன் கால் தயங்கும். கல் காக்கப்பட்டது; வாயில் சுருங்கிவிட்டது. எந்தக் கட்டடத்தை விடுதியாக்கினாலும் எழும் கணக்கு இது. அதைத் தீர்க்காமல் விட்டுவிடுதல் ஆகாது.

இனி நம் நாட்டை நோக்குவோம். காலிக் கோட்டையினுள்ளே ஒல்லாந்தர் 1684 ஆம் ஆண்டளவில் எழுப்பிய மாளிகையொன்று உண்டு. காலி பெருந்துறைமுகமாயிருந்த 1860 களில் அது பிரயாணிகள் விடுதியாயிற்று. கொழும்புத் துறைமுகம் விருத்தியுற்றபின் காலியின் கப்பல்கள் குறைந்தன. விடுதி மட்டும் மெல்ல மெல்ல முதுமையடைந்தவாறு நிலைத்தது. பின்னர் அது புதுக்கப்பட்டு, 2004 ஆம் ஆண்டின் இறுதியில் வேறு பெயரோடு மீண்டும் திறக்கப்பட்டது. விடுதியாயிருந்தது விடுதியாகவே தொடர்ந்ததால், எவருக்கும் இழப்பில்லை. 1988 ஆம் ஆண்டில் கோட்டை முழுவதும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தபின், அதனுள்ளிருந்த குடியிருப்பு வீடுகள் பலவும் விடுதிகளாக மாறத் தொடங்கின. அங்கே கேள்வி சற்று வேறு. மதில் நிற்க மனிதர் போய்விட்டால் அது ஊராகுமா என்பதை அவ்வூரார் சிந்தித்தல் வேண்டும்.

காலியிலே கைவேலை பற்றிய ஒரு பாடமும் உண்டு. ஒல்லாந்தர் காலச் சுவர்கள் கல்லும் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்துங்கொண்டு கட்டப்பட்டவை. அத்தகைய சுவர் ஈரத்தை உள்வாங்கிப் பின் வெளிவிடும். மூச்சுவிடும் சுவர் என்றே சொல்லலாம். அதன்மேல் இக்காலச் சீமெந்தைப் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும்; உப்புப் பூத்துச் சாந்து உதிரும். பலமானது என்று நம்பிப் பூசியதே சுவருக்குப் பகையாகும். பழங்கட்டடத்தைப் புதுக்குவோர் சுண்ணாம்பைப் பதப்படுத்தவல்ல கொத்தனாரைத் தேடுவதற்குக் காரணம் இதுவே.

கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒல்லாந்தர் கட்டிய வைத்தியசாலையும் உண்டு. 2011 ஆம் ஆண்டில் அது புதுக்கப்பட்டுக் கடைகளும் உணவகங்களுமாயிற்று. அங்கே ஒன்றும் வாங்காத வழிப்போக்கனும் முற்றத்தில் உலாவி, தடித்த சுவர்களையும் தாழ்ந்த ஓட்டுக் கூரையையும் கண்டு திரும்பலாம். வாணிபம் நடந்தும் வாயில் சுருங்காமல் இருப்பதற்கு அது ஓர் உதாரணம்.

நமக்கு மிக அணித்தான உதாரணம் நுவரெலியாவிலே உள்ளது. 1894 ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு வீட்டமைப்பிற் செங்கல்லாற் கட்டப்பட்ட இரு மாடித் தபாற்கந்தோர் அது. உச்சியில் மணிக்கூட்டோடு நிற்கும் அக்கட்டடத்தைப் படமெடுக்காமல் மலைநாட்டை விட்டுச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் சிலரே. 2023 ஆம் ஆண்டில் அதனை விடுதித் தொழிலுக்குக் கையளிக்கும் யோசனை எழுந்தது. தபால் ஊழியர்கள் அதனை எதிர்த்து, அவ்வாண்டு நவம்பரில் வேலைநிறுத்தஞ் செய்தனர். நாடு பொருளாதார நெருக்கடியிலிருந்து மீளும் காலம். வெளிநாட்டுச் செலாவணி வேண்டும். தபாற்சேவையை வேறோர் இடத்திலும் நடத்தலாமன்றோ என்பது ஒரு சாராரின் வாதம். அது முற்றும் பொய்யான வாதமும் அன்று.

ஆனால் சிங்கப்பூர்க் கதையை இதனோடு ஒப்புநோக்கினால் வேறுபாடு தெளிவாகும். புல்லர்டன் கட்டடத்தில் தபாற்சேவை தானே வளர்ந்து, இடம் போதாமல் வெளியேறிற்று. வெறுமையான கட்டடத்துக்கு ஒரு குடி தேடினர். நுவரெலியாவிலோ குடி உள்ளேயே இருந்தது. நகரத்தாரும் தோட்டத்து மக்களும் அந்தக் கருமபீடத்துக்கு நாடோறும் வந்துகொண்டிருந்தனர். உயிர் பிரிந்த உடலுக்கு மறுபடி உயிர் கொடுப்பது ஒன்று. உயிரோடிருப்பதை எழுப்பிவிட்டு வேறோர் உயிரை இருத்துவது மற்றொன்று. இரண்டையும் மரபுரிமைப் பாதுகாப்பு என்ற ஒரே பெயரால் அழைத்தல் தகாது.

ஆகவே, பழைய கட்டடத்தை விடுதியாக்கலாம் என்ற யோசனை எங்கேனும் எழும்போது, மூன்று வினாக்களை நாம் கேட்டல் வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது: பழைய பயன் தானாகவே ஒழிந்துவிட்டதா, அன்றி நாம் அதை ஒழிக்கின்றோமா? இரண்டாவது: செய்யப்போகும் வேலை உள்ளதைக் காக்குமா, அன்றி முகப்பை மட்டும் விட்டு உள்ளேயுள்ளதைக் குடைந்தெடுக்குமா? நாளை இன்னொரு பயன் தேவைப்பட்டால், இன்று சேர்ப்பதைப் பழுதின்றிக் கழற்ற முடியுமா? மூன்றாவது: பணங்கொடாத குடிமகனுக்கும் அக்கட்டடத்தில் ஒரு பங்கு எஞ்சுமா? ஒரு முற்றம், ஒரு மண்டபம், ஒரு நடைபாதை, ஆண்டிற் சில நாட்களேனும் திறந்த கதவு. இவற்றுள் ஒன்றையாவது குத்தகைப் பத்திரத்தில் எழுதிவைத்தல் அரசாங்கத்துக்குக் கடினமன்று. எழுதாமல் விட்டதைப் பின்னர் கேட்டுப் பெறுதலே கடினம்.

இம்மூன்று வினாக்களுக்கும் நல்ல விடை கிடைத்தால், விடுதியை எதிர்ப்பதற்கு நியாயமில்லை. இடிந்து வீழும் மாளிகையைவிட விருந்தினர் உறங்கும் மாளிகை ஆயிரம் மடங்கு நல்லது. நல்ல விடை கிடையாவிடின், எத்துணை அழகாகப் புதுக்கினாலும் ஊரார் தம் பொருளொன்றை விலைக்கு விற்றவராவர்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் அத்தகைய ஒரு கடிதக் கட்டு இருக்கக்கூடும். இருந்தால், ஓர் உறையை எடுத்து அந்த வட்டத் தபாற்குறியை நோக்குங்கள். அதைக் குத்திய கை இன்றில்லை. அந்தக் கருமபீடமும் இன்றில்லை. கட்டடம் மட்டும் நிற்கின்றது. அது நிற்பதில் நாம் மகிழலாம். அதைவிட, நம் ஊரில் இன்றும் தபாற்குறி குத்தப்படும் பழைய கட்டடம் ஒன்று இருக்குமாயின், அடுத்த முறை அவ்வழியே போகும்போது உள்ளே நுழைந்து ஒரு முத்திரை வாங்குங்கள். பயன்படுத்துவோர் உள்ளவரையில் அக்கட்டடத்துக்கு வேறு குடி தேட வேண்டிய அவசியம் வராது.